லினக்ஸில் டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ் ஓடும்போது வீடியோ ஏன் கிழிந்து, மின்னித் தெரிகிறது?

விண்டோவுக்கு நிழல் போடுவது, குலுங்கவைப்பது, மங்கி மறையவைப்பது எல்லாம் கம்பாசிட்டர் என்ற மென்பொருளின் வேலை. 2006-ல் வந்த காம்பிஸ் இதில் பெயர்போனது, கேடிஈ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் கேவின். கம்பாசிட்டர் ஓடும்போது வீடியோ பிளேயர் திரையில் நேரடியாக வரைவதில்லை. தன் படத்தைத் தனித் தாளாகக் கொடுக்கும். எல்லா விண்டோக்களின் தாள்களையும் அடுக்கி ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்புவது கம்பாசிட்டர்.

சிக்கல் நேரக் கணக்கில்தான். 60 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை, மேலிருந்து கீழாகப் புதுப்பிக்கப்படுகிறது. பாதியில் புதுப் படம் வந்து விழுந்தால் மேலே பழைய காட்சி, கீழே புதிய காட்சி. இதுதான் கிழிசல். சுவரொட்டியை ஒட்டி முடிப்பதற்குள் வேறொன்றை நீட்டினால் தலை ஒருவருடையது, கால் இன்னொருவருடையது ஆகுமே, அதே கதை. கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியைப் பாருங்கள்: கதவுநிலை நடுவில் முறிந்து நிற்கும்.

பழைய டிரைவர்களில் இன்னொரு கூத்தும் உண்டு. ஓவர்லே முறையில் வீடியோ கம்பாசிட்டரைத் தாண்டி நேரே கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போய்விடும். விண்டோவை நகர்த்தினால் படம் பின்தங்கும், அல்லது வெறும் நீலக் கட்டம் மிஞ்சும். பிளேயரின் அமைப்பில் வீடியோ வெளியீட்டை ஓப்பன்ஜிஎல்-க்கு (கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு வரையும் முறை) மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

எஃபெக்ட்ஸை அணைத்தாலே கிழிசல் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் விசிங்க் (திரை புதுப்பிக்கப்படும் நேரத்தோடு படத்தை ஒத்துப்போக வைப்பது) இயங்கும் கம்பாசிட்டர்தான் கிழிசலைத் தடுக்கிறது, லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-ல் அதை அணைத்தால் சில கணினிகளில் கிழிசல் கூடவே செய்யும்.