செபெஹ்ரியின் கழுகு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரானியக் கவிஞர் சோராப் செபெஹ்ரியின் 'நீரின் காலடியோசை' கவிதையை ஆங்கிலத்தில் படித்தேன். குதிரையை உயர்ந்த பிராணி என்கிறார்கள், புறாவை அழகு என்கிறார்கள், பிணந்தின்னிக் கழுகு மட்டும் ஏன் யார் வீட்டுக் கூண்டிலும் இல்லை என்று கேட்கிறார். எல்லாம் ஒன்று என்றால் நல்லதும் கெட்டதும் ஒன்றா? இவரை மனிதநேயக் கவிஞர் என்று எப்படிச் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இதைவிடக் கோபமாக ஈரானிலேயே கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் இன்னொரு ஈரானியக் கவிஞர், அகமது ஷாம்லூ. செபெஹ்ரியின் 'நீர்' கவிதை, தண்ணீரைக் கலக்க வேண்டாம், கீழே ஒரு புறா குடித்துக்கொண்டிருக்கலாம் என்று தொடங்கும். ஓடைக்கரையில் அப்பாவிகளின் தலையை வெட்டுகிறார்கள், நான் சற்றுத் தள்ளி நின்று தண்ணீரைக் கலக்காதே என்று உபதேசம் செய்வதா என்றார் ஷாம்லூ.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். அந்தக் கவிதையில் ஒரு பரதேசியும் வருகிறான். காய்ந்த ரொட்டியை அவன் அந்தத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருக்கலாம். மேலே நான் செய்யும் காரியம், என் கண்ணிலேயே படாத ஒருவனின் சாப்பாட்டைக் கெடுத்துவிடும் என்ற கவலை அது. நல்லது கெட்டது கிடையாது என்பவருக்கு அந்தக் கவலை எப்படி வரும்? கழுகைப் பற்றிக் கேட்ட கையோடு, சிவப்பு துலிப்பைவிட, மாட்டுத் தீவனமாகும் குளோவர் செடியின் பூ எதில் குறைச்சல் என்றும் கேட்கிறார். அவர் கேள்வி கேட்பது உசத்தி, மட்டம் என்று நாம் போட்டுவைத்திருக்கும் வரிசையை. கொடுமைக்கு அங்கே எந்தச் சலுகையும் இல்லை.

ஈரானியப் பெண் கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத் இதையே இன்னும் துணிச்சலாகச் செய்தார். 1950களில், இன்பம் நிறைந்த பாவம் ஒன்றைச் செய்தேன் என்று எழுதியதற்காக அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று ஏசினார்கள். அதே ஃபரூக்தான் 1962இல் ஈரானின் தப்ரீஸ் நகர் அருகே தொழுநோயாளிகள் குடியிருப்புக்குப் போய் 'வீடு கருப்பு' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அதில் ஒரு வகுப்பறை வருகிறது. அழகான பொருள்களைச் சொல் என்கிறார் ஆசிரியர். நிலா, சூரியன், பூ, விளையாட்டு என்கிறான் ஒரு பையன். அசிங்கமானவற்றைச் சொல் என்று இன்னொருவனைக் கேட்கிறார். கை, கால், தலை என்கிறான் அவன். நோய் தின்ற முகங்களோடு பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அங்கிருந்த ஒரு சிறுவனை ஃபரூக் தன் மகனாக எடுத்து வளர்த்தார். மதமும் ஊரும் வகுத்த பாவக்கணக்கை ஏற்காத ஒருவருக்கு அடுத்தவர் வலியில் இத்தனை உறுதி இருந்தது. இதை, நல்லது கெட்டது ஆளுக்கு ஆள் மாறும் என்கிற சார்பியல் என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, ஷாம்லூவிடம் நான் ஒத்துக்கொள்ளும் மறுபாதி: ஓடையின் மேல்பக்கம் கத்தியோடு நிற்பவனை என்ன செய்வது என்பதற்குச் செபெஹ்ரியிடம் பதில் கிடையாது. ஈரானில் 1979 இஸ்லாமியப் புரட்சி நடந்த சில மாதங்களில் ஷாம்லூ எழுதிய 'இந்த முட்டுச்சந்தில்' கவிதையை அடுத்துப் படியுங்கள். 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று சொல்லியிருப்பாயோ என்று வாயை முகர்ந்து பார்க்கிறவர்கள் அதில் வருகிறார்கள். அவர்களைக் கசாப்புக்காரர்கள் என்றே சொல்கிறார் ஷாம்லூ.