நீல இன்ஹேலர் மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67, சிங்கப்பூர் யீஷூனில் எங்களோடு இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்றார்கள், அதோடு சிகரெட்டை விட்டுவிட்டார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலரை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கினால் மட்டும் நீலத்தை அடித்துக்கொள்கிறார். இது சரியா டாக்டர்?

பதில்: சரியில்லை. அதற்காக அவரைத் திட்ட வேண்டாம், சிகரெட்டை விட்டதே பெரிய காரியம், நுரையீரல் மேலும் வேகமாகக் கெடாமல் காப்பதில் அதற்கு ஈடான மருந்து இல்லை.

நீலம் அந்த நேரத்துக்கு மூச்சுக்குழாயைத் திறந்துவிடும், சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்தது. தினசரி இன்ஹேலர் நாள் முழுக்கக் குழாயைத் திறந்து வைப்பதோடு, திடீரென்று நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நிலையையும் குறைக்கிறது. அப்படி ஒவ்வொரு முறை முற்றும்போதும் நுரையீரல் கொஞ்சம் பலம் இழக்கலாம், இழந்தது முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

‘நன்றாக இருக்கிறார்’ என்கிறீர்களே, முன்பு மார்க்கெட் வரை நடந்தவர் இப்போது புளோக் கீழே இருக்கும் காப்பிக்கடையோடு திரும்பிவிடுகிறாரா? நடையைக் குறைத்தால் மூச்சு வாங்காதுதான், ஆனால் கால் தசை இளைத்து, அப்புறம் நாலு அடி வைத்தாலே இரைக்கும். தினமும் நடக்கட்டும், இரைத்தால் நின்று, சூடான தேநீரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடட்டும். புகைமூட்ட நாளில் பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 100-ஐத் தாண்டினால் நடை வீட்டுக்குள்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் அவர் இருக்கும் அறையில் போடாதீர்கள்.

ஒரு நாள் அவர் இன்ஹேலர் அடிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அழுத்தி அடிக்கும் வகையென்றால் முதலில் குலுக்கி, மூச்சை முழுசாக விட்டு, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, பத்து வினாடி அடக்க வேண்டும். வாயோரம் புகைபோல வெளியே வந்தால் மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். என்னிடம் வருபவர்களில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஸ்பேசர் என்ற குழாயை இன்ஹேலரில் மாட்டினால் சுலபம். தூளாக வரும் வகை வேறு, அதை வேகமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்ததென்றால் வாயைக் கொப்பளித்துத் துப்பட்டும்.

ஃப்ளூ ஊசி வருடாவருடம், நிமோனியா ஊசி பற்றியும் கேளுங்கள். செலவுக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) உண்டு, பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) விசாரியுங்கள்.

சளி கூடி மஞ்சளோ பச்சையோ ஆனாலும், நீலம் அடிக்கடி தேவைப்பட்டாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். இப்போதைக்கு அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல், இரண்டு இன்ஹேலரையும் பையில் போட்டு அவரைக் கூட்டிப் போங்கள்.