பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருந்தால் வருடத்துக்கு எவ்வளவு செலவாகும்?

கேட்டவர் 1980-களில் வந்த மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர் ஒன்றை வாங்கி, சென்னையில் வைத்து, வார இறுதியில் மட்டும் ஓட்டப்போகிறார். வாங்கும் விலை போக வருடச் செலவு என்ன என்பது கேள்வி.

வருடம் 3,000 கி.மீ. ஓட்டினால் பெட்ரோல் நீங்கலாகச் சுமார் 55,000 ரூபாய், பெட்ரோலையும் சேர்த்தால் 90,000-ஐ ஒட்டி வரும். அந்த 55,000-இல் பாதிக்கு மேல் அதே வருடம் செலவாகாது. ஏழெட்டு வருடத்துக்கு ஒரு முறை டிங்கரிங், பெயின்டிங் என்று மொத்தமாக வந்து நிற்கும். அந்தப் பாதியை ஒதுக்கி வைக்காதவர்கள்தான் ஐந்தாவது வருடம் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு விற்க ஆள் தேடுகிறார்கள். கீழே உள்ள விலைகள் எல்லாம் தோராயம். கடைக்குக் கடை மாறும்.

முதலில் காகிதச் செலவு. 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க 10,000 ரூபாய். ஐந்து வருடத்துக்குச் செல்லும். பசுமை வரி தனி. மூன்றாம் நபர் காப்பீட்டில் இந்த வண்டிக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்ஜின் 1489 சி.சி. என்பதால் 1500-க்குள் அடங்கி, பிரீமியம் 3,416 ரூபாயோடு நிற்கும், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,000 சொச்சம். 1990-களில் வந்த 1817 சி.சி. இசுசூ இன்ஜின் வண்டிக்கு இதே பிரீமியம் 7,897. இந்த வயது காருக்குப் புகைச் சான்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். கார்புரேட்டர் சரியாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு 3 சதவீத வரம்புக்குள் தாராளமாக நிற்கும். எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 7,500.

'விண்டேஜ்' பதிவு வாங்கச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். 2021 விதிப்படி அது முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிக்கு மட்டும்தான். மார்க் 4 இன்னும் அந்த வயதை எட்டவில்லை. எட்டிய வண்டியாக இருந்தாலும் யோசித்துச் செய்யுங்கள். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், காப்பீட்டில் பாதி தள்ளுபடியும் உண்டு. ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போக நினைப்பவருக்கு அது சரிவராது.

பெட்ரோல் கணக்கு எளிது. லிட்டருக்கு 9 கி.மீ. என்று வைத்தால் 3,000 கி.மீ.க்கு 333 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 33,600. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் முதல் வருடம் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் மூன்றும் எத்தனாலில் ஊறி உப்பும் அல்லது விரிசல் விடும். சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் ஹோஸ் கசிந்தால் தீ விபத்துதான். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் கிட் எல்லாம் 3,000 ரூபாய்க்குள் முடியும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் இன்ஜினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையும் மெலியும். ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறினால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நின்றது. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பான சீட்டுக்குக் காவலாக இருந்தது. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் விரட்டினால், ஹெட்டின் வார்ப்பிரும்பு தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள டேப்பட் இடைவெளியை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். அளவு 0.015 இஞ்ச். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் சீட் இறங்குகிறது என்று அர்த்தம். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவது திறந்தால் இரண்டாவது. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 9 வரும். ஹெட்டை என்றைக்காவது கழற்ற நேர்ந்தால், அப்போதே லேத்தில் கொடுத்துக் கடினமான சீட் ரிங் போட்டுவிடுங்கள். அதற்காகவே கழற்ற வேண்டாம்.

வழக்கமான சர்வீஸ் மலிவுதான். 4 லிட்டர் 20 டபிள்யூ 50 மினரல் ஆயில், ஃபில்டர், நாலு பிளக், தீப்பொறிக்கான டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட், கண்டென்சர், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து வருடம் 8,000. விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் இன்ஜினுக்கு மரியாதை என்று நினைக்காதீர்கள். இந்த இன்ஜினின் பின்பக்க கிராங்க் பகுதியில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரைதான் இருக்கிறது. மெல்லிய ஆயில் அதைத் தாண்டிக் கிளச் ஹவுசிங் வழியாகச் சொட்டும். ஓரிரு சொட்டு தரையில் விழுவது இயல்பு. கிளச் நழுவினால்தான் வேலை. பாயின்ட் இடைவெளி 0.015 இஞ்ச், பிளக் 0.025. கண்டென்சர் மட்டும் நல்ல தயாரிப்பாகப் பார்த்து இரண்டு வாங்கி ஒன்றை டாஷ்போர்டில் வைத்திருங்கள். சூடேறியதும் நின்று, அரை மணி ஆறிய பிறகு தானாக ஸ்டார்ட் ஆகும் அம்பாசடரில் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்.

வண்டி சூடாகிறது என்று கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் வழக்கம். ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்வதுதான் சரியான வைத்தியம். வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் வாட்டர் பம்ப்பையும் பிளாக்கையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஓட்டாமல் வைத்தால் செலவு மிச்சம் என்பது தவறான கணக்கு. நிற்கும் காரில் முதலில் போவது பிரேக்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருப் புள்ளியாகிறது. மறுபடி பெடலை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் ஆயிலை அடைக்கும் கப்பின் ரப்பர் உதடு அந்தப் புள்ளியில் உரசிக் கிழிகிறது. கசிந்த ஆயில் ஷூவில் இறங்கினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நீங்கள் சிலிண்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஆயிலில் ஊறிய ஷூவையும் மாற்ற வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க இறக்கி, கப்புகளைப் புதிதாகப் போட்டால் 4,000 ரூபாயில் முடியும். கவனிக்காமல் விட்டால் ஷூ, சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் என்று நாலு மடங்கு.

நிறுத்தி வைத்த வண்டியைத் தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்ற நம்பிக்கையும் கெடுதலே. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். சைலன்சர் உள்ளிருந்தே அரிக்கும். வாரம் ஒரு முறை 20 கி.மீ. ஓட்டினால் போதும். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், கீழ் மூட்டுகளின் கிரீஸ் நிப்பிள்களில் 1,500 கி.மீ.க்கு ஒரு முறை, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை கிரீஸ் கன் அடியுங்கள். அதற்கு நூறு ரூபாய் போதும். விட்டுவிட்டால் கிங் பின் செட்டும் கூலியும் ஐந்து இலக்கத்தைத் தொடும்.

டயர் 5.90-15 அளவு. தேய்வதற்கு முன் வயதாகிவிடும். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கம் வாரத்தையும் வருடத்தையும் காட்டும். ஏழு வருடத்துக்கு ஐந்து டயர் என்று வைத்தால் வருடம் 4,000. பேட்டரி 1,800, பெல்ட், ஹோஸ் 1,500. பிரேக் கணக்கைப் பாதியாக்கிச் சேர்த்தால் சர்வீஸ் உட்பட 17,000-ஐத் தாண்டும்.

மீதி 30,000 முழுவதும் ஒதுக்கீடு. அதைத் தின்பது பெரும்பாலும் துரு. அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவத் தகரம் உள்ளிருந்து அரித்தால், பெயின்ட் பளபளக்கும்போதே வண்டி நடுவில் தொய்யும். வாங்கும் முன் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதி, ஹெட்லைட்டைச் சுற்றிய ஃபெண்டர், டிக்கித் தரை, பேட்டரி வைக்கும் தட்டு எல்லாவற்றிலும் ஒட்டிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் துருவை மறைக்கப் பட்டி (பூச்சு மாவு) அப்பியிருக்கிறது. முன் கதவைத் திறந்து, மறுபடி சாத்தும்போது தூக்கிச் சாத்த வேண்டியிருந்தால் கீல் தேய்ந்திருக்கலாம், தூண் அரித்திருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முழு டிங்கரிங், பெயின்டிங் ஒழுங்காகச் செய்ய ஒன்றரை முதல் இரண்டு லட்சம் ஆகும். இன்ஜின் போரிங் அதில் பாதிதான். அதனால் புகை விடும் இன்ஜினும் துருவில்லாத உடலும் உள்ள வண்டியைத் தைரியமாக வாங்கலாம்; எதிர்மாறாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உதிரி பாகம் கிடைக்குமா என்ற பயம் இந்த வண்டிக்கு அதிகம் தேவையில்லை. உற்பத்தி 2014 வரை ஓடியது. புதிய பாகத்துக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையதுக்குப் புதுப்பேட்டை, அங்கே இல்லாததற்குக் கொல்கத்தா மல்லிக் பஜார். மெக்கானிக்கல் சாமான் எப்படியும் கிடைத்துவிடும். மார்க் 4-இன் கிரில், பம்பர், விளக்கு வளையம், மீட்டர் மூடி போன்றவைதான் கிடைக்காது. அவை முழுதாக உள்ள வண்டிக்குப் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம். தனித்தனியாகத் தேடி வாங்கிக் குரோம் பூசினால் அதைவிட அதிகம் ஆகும்.