பேக்கப் மென்பொருள் எந்த ஃபைல் மாறியது என்று எப்படித் தெரிந்துகொள்கிறது?

ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுகிறதே, எல்லா ஃபைலையும் திறந்து படிக்கிறதா, அப்படியென்றால் ஒன்றுமே மாற்றாத நாளில் ஏன் ஆயிரக்கணக்கான ஃபைல்களைத் திரும்ப எடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் படிப்பதே இல்லை. கடிதத்தைப் பிரிக்காமல் உறையின் மேல் உள்ளதை மட்டும் பார்ப்பது போலத்தான். இரண்டு இடங்களில் உள்ள ஃபைல்களை ஒத்துப்போகச் செய்யும் ஆர்சிங்க் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபைலின் அளவு, கடைசியாக மாற்றிய நேரம், இந்த இரண்டும் இரு பக்கமும் ஒத்துப்போனால் அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று, நேரம் புதிதாக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை, வேறாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. பழைய தேதி போட்ட ஃபைலைக் கொண்டுவந்து வைத்தாலும் எடுத்துக்கொள்ளும்.

ஏன் முழுசாகப் படிக்கக் கூடாது? 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தால் கிட்டத்தட்ட 2 மணி நேரம் ஆகும். தினமும் யார் காத்திருப்பது?

உறையை நம்புவதில் உள்ள சிக்கலுக்கு நல்ல உதாரணம் வெராகிரிப்ட், ஃபைல்களைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைக்கும் மென்பொருள். அதன் பூட்டிய பெட்டி ஒரே ஃபைல்தான், உள்ளே என்ன போட்டாலும் அளவு மாறாது. போதாக்குறைக்கு மாற்றிய நேரத்தையும் பழையபடியே வைத்துவிடும், அதுதான் அதில் முன்னிருப்பு அமைப்பு. ரகசியம் காப்பதற்கு அது சரி, ஆனால் அளவையும் நேரத்தையும் மட்டும் பார்க்கிற பேக்கப்புக்கு அந்த ஃபைல் மாறவே மாறாது. நேரத்தைப் பழையபடி வைக்கச் சொல்லும் அந்த அமைப்பின் டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

லினக்ஸில் இன்னொரு நேரம் இருக்கிறது, சிடைம். ஃபைலின் உள்ளடக்கம் மட்டுமல்ல, உரிமையாளர், அனுமதி எது மாறினாலும் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலே இதைப் புதுப்பித்துவிடும். மாற்றிய நேரத்தை டச் கட்டளையால் இஷ்டத்துக்குத் திருத்துவது போல இதைத் திருத்த முடியாது. ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் மென்பொருள்கள் இதையும், ஒவ்வொரு ஃபைலுக்கும் சிஸ்டம் தரும் ஐநோடு எண்ணையும் சேர்த்துப் பார்ப்பதால் ஏமாறுவது குறைவு. அதற்கு விலையும் உண்டு, மொத்த ஃபோல்டருக்கும் அனுமதியை மாற்றினீர்கள் என்றால் அத்தனையையும் திரும்பப் படிக்க உட்கார்ந்துவிடும். படிக்கும், ஆனால் ஃபைல்களைத் துண்டுகளாக்கிச் சேமிப்பதால் ஏற்கெனவே உள்ள துண்டுகளை மறுபடி சேமிக்காது, அதனால் நேரம்தான் போகும், இடம் போகாது.

ஒன்றும் செய்யாமலே எல்லாம் மாறியதாகக் காட்டுகிறது என்றால் என் முதல் சந்தேகம் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் உள்ள பென் டிரைவ் மேல்தான். அதில் மாற்றிய நேரம் 2 நொடிக்கு ஒரு படியாகத்தான் பதிவாகும், விண்டோஸ் டிஸ்க்குகளில் உள்ள என்டிஎஃப்எஸ் முறையிலோ 100 நானோ நொடி வரை நுணுக்கம், பிறகு இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட ஆர்சிங்க்கில் மாடிஃபை விண்டோ ஆப்ஷனுக்கு 1 கொடுங்கள், விண்டோஸின் நகலெடுக்கும் கருவியான ரோபோகாப்பியில் எஃப்எஃப்டி ஆப்ஷன். போதாததற்கு ஃபேட் உள்ளூர் நேரத்தைத்தான் எழுதிவைக்கிறது, கடிகாரத்தை ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் நகர்த்துகிற நாடுகளில் இது ஒரு தனித் தலைவலி. இந்தியாவில் இருப்பவர்கள் தப்பித்தோம்.

விண்டோஸில் டாஸ் காலத்திலிருந்தே ஆர்க்கைவ் பிட் என்று ஒரு கொடி உண்டு. ஃபைல் மாறினால் கொடி ஏறும், பேக்கப் எடுத்ததும் மென்பொருள் இறக்கிவிடும். ஒரு சின்ன அலுவலகக் கம்ப்யூட்டரில் ரொம்பப் புத்திசாலித்தனமாக இரண்டு பேக்கப் மென்பொருள்களைப் போட்டுவைத்தேன். முதலாவது கொடியை இறக்கிவிட, இரண்டாவது வந்து பார்த்து ஒன்றும் மாறவில்லை என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது, பல வாரங்கள். டிஸ்க் போன அன்றுதான் தெரிந்தது. முழுக்க என் தப்பு.

ஒவ்வொரு ஃபைலையும் விசாரிக்காமல் சிஸ்டத்திடமே கேட்கிற வழியும் உண்டு. என்டிஎஃப்எஸ்ஸில் யுஎஸ்என் ஜர்னல் என்ற மறைந்த பதிவேடு இருக்கிறது, எது எப்போது மாறியது என்று வரிசையாக அதில் விழும். மேக்கில் 2007-இல் வந்த லெப்பர்டிலிருந்து எஃப்எஸ்ஈவென்ட்ஸ் என்று இதே போன்ற பதிவு இருக்கிறது, மேக்கின் சொந்த பேக்கப்பான டைம் மெஷின் அதையும் பயன்படுத்துகிறது. ஆனால் ஜர்னலுக்கு அளவு வரம்பு உண்டு, நிரம்பினால் பழைய வரிகள் போய்விடும்; வெளி டிஸ்க்கை முறையாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் மேக்கும் தன் பதிவை நம்பாமல் முழுசாகத் தேட ஆரம்பிக்கலாம். திடீரென்று ஒரு நாள் பேக்கப் இழுத்துக்கொண்டே போவது பல சமயம் இதனால்தான்.

அப்புறம் ஃபைலோடு சேர்ந்திருக்கும் மறைந்த தகவல்கள், நகலெடுக்கும்போது இவையும் விட்டுப்போகலாம். இணையத்திலிருந்து இறக்கிய ஃபைலோடு விண்டோஸ், ஸோன் ஐடென்டிஃபையர் என்று ஒரு சின்ன வாலை ஒட்டிவைக்கும், ஃபேட் டிரைவுக்கு நகலெடுத்தால் வால் அறுந்துவிடும். மேக் அப்படி விடாது, தன் கூடுதல் பண்புகளைப் புள்ளியும் அடிக்கோடும் வைத்துத் தொடங்குகிற தனி ஃபைலாகப் பக்கத்திலேயே போட்டுவைக்கும், நண்பர் கொடுத்த பென் டிரைவில் பார்த்து வைரஸ் என்று பயப்படுவீர்களே, அதுதான். ஆர்சிங்க்கில் ஆர்க்கைவ் ஆப்ஷன் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற விரிவான பட்டியல்), கூடுதல் பண்புகள், ஹார்ட் லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) மூன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

நான் மாதம் ஒரு ராத்திரி ஆர்சிங்க்கை, உள்ளடக்கத்தையே படித்து ஒப்பிடும் செக்சம் ஆப்ஷனோடு ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுவேன், ஆனால் எதையும் நகலெடுக்காமல் பட்டியல் மட்டும் தரும் டிரை ரன்னாக. அளவும் நேரமும் ஒன்றாக இருந்து உள்ளடக்கம் மட்டும் வேறு என்று ஏதாவது பட்டியலில் வந்தால், கெட்டுப்போனது மூலப் பிரதியாகவும் இருக்கலாம், திறந்து பார்க்காமல் நகலெடுத்தால் நல்ல பிரதியும் போய்விடும்.