நோட்டுக்குப் பின்னால் நின்றவர்கள்

அன்புள்ள அம்மா,

வணக்கம். பழைய நோட்டுகள் சேகரிக்கும் நண்பர் ஒருவர் மூலமாக ஸ்காட்லாந்தில் எயர் என்ற சிறிய ஊரில் 1769-இல் தொடங்கிய ஒரு வங்கியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். டக்ளஸ், ஹெரோன் அண்ட் கம்பெனி என்று பெயர். சொந்தமாக நோட்டு அடித்து, மூன்றே வருடத்தில் முறிந்துபோன வங்கி. ஒரு சின்ன ஊர் வங்கிக்குப் பணம் அச்சடிக்க யார் அனுமதி கொடுத்தது? வெறும் காகிதத்தை நம்பி ஏமாந்த அந்த ஜனங்களை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. இன்று கிரிப்டோவில் பணத்தை விடுகிறவர்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் எழுத வேண்டும்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தேன். அதில் கிடைத்த ஒரு கட்டுக் காகிதம் இன்னும் மேஜை மேல் இருக்கிறது. அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் கேள்வி. அனுமதி யாரும் கொடுக்கவில்லை, அன்றைய ஸ்காட்லாந்தில் தேவைப்படவும் இல்லை. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து (1695), ராயல் பேங்க் (1727) போன்றவை அரசின் சாசனம் (அனுமதிப் பத்திரம்) வாங்கியவை. ஆனால் சாசனம் இல்லாமலும் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து வங்கி வைக்கலாம், நோட்டு வெளியிடலாம். 1765-இல் வந்த சட்டம் ஒரு பவுண்டுக்குக் குறைந்த நோட்டு கூடாது என்றது, நோட்டை நீட்டினால் தவணை சொல்லாமல் நாணயமாகக் காசு கொடுத்துவிட வேண்டும் என்றது, அவ்வளவுதான். இன்றைக்கும் அங்கே மூன்று வணிக வங்கிகள் தங்கள் பெயர் போட்ட நோட்டை வெளியிடுகின்றன. கிரிப்டோவை இதில் இழுக்காதீர்கள், அது வேறு பேச்சு.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். எதற்குச் சிரிப்பு? யார் ஏமாந்தது என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டீர்கள். சந்தையில் மாட்டை விற்றுவிட்டு அந்த நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனவன் முட்டாள் இல்லை. தன் ஜில்லாவின் பெரிய நிலக்காரர்கள் எல்லாம் அந்த வங்கியில் கூட்டாளிகள் என்று அவனுக்குத் தெரியும், அவர்களுடைய வீடு எங்கே, வயல் எங்கே என்றும் தெரியும். பக்லூ பிரபு இருந்தார், குவீன்ஸ்பெரி பிரபு இருந்தார். நம் ஊரில் ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கும்போது நாம் பார்ப்பதும் இதைத்தானே, கையெழுத்துப் போட்டவர் யார், அவருக்கு என்ன இருக்கிறது என்று.

வங்கி நடந்த விதம் மோசம்தான். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட தன் பெரிய நூலில் இதைப் பிரித்துப் போட்டிருக்கிறார். கூட்டாளிகள் போடுவதாக ஒப்புக்கொண்ட மூலதனம் 1,60,000 பவுண்டு என்கிறார். அதில் பல பேர் முதல் தவணையைக் கட்டிவிட்டு, அதே வங்கியில் கேஷ் அக்கவுண்ட் என்ற கடன் கணக்கைத் திறந்து, அதில் வாங்கி அடுத்த தவணைகளைக் கட்டினார்கள். ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் போட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தார்கள், நிலத்தைத் திருத்த, சாலை போட, வடிகால் வெட்ட. இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் 8,00,000 பவுண்டுக்கும் அதிகமாக வெளியே போனது. போன நோட்டெல்லாம் காசு கேட்டுத் திரும்பி வந்தது. அப்போது என்ன செய்வது? லண்டன் பேரில் உண்டியல் எழுதினார்கள், அதாவது இன்ன தேதியில் பணம் தரவேண்டும் என்ற சீட்டு; அந்த உண்டியல் தவணைக்கு வந்ததும் அதை அடைக்க இன்னொரு உண்டியல், அதற்கு மேல் இன்னொன்று. நம் கடைத்தெருவில் இதை ரொட்டேஷன் என்பார்கள். வட்டியும் கமிஷனும் சேர்த்து எட்டு சதவீதத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது, கடன் கொடுத்ததோ ஐந்துக்கு. தண்ணீர் வெளியே போக மட்டும் வழி உள்ள குளத்தை, சில மைல் தள்ளி இருக்கிற கிணற்றிலிருந்து வாளியில் மொண்டு வந்து நிரப்புகிற கதை என்று ஸ்மித் எழுதுகிறார். ஸ்மித்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை, அவர் பாடம் சொல்லிக் கொடுத்த பையன்தான் பக்லூ பிரபு, வருடம் 300 பவுண்டு ஓய்வூதியமும் அந்தக் குடும்பத்திலிருந்துதான் வந்தது.

1772 ஜூன் 10-ஆம் தேதி லண்டனில் ஒரு வங்கி கதவைச் சாத்தியது. அதன் கூட்டாளி அலெக்சாண்டர் ஃபோர்டைஸ், நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு விழும் என்று பந்தயம் கட்டித் தோற்று, பிரான்சுக்கு ஓடிவிட்டார். சேதி வடக்கே போய்ச் சேர்ந்ததும் நோட்டோடு வாசலில் கூட்டம். அந்த மாதமே எயர் வங்கி காசு கொடுப்பதை நிறுத்தியது, அடுத்த வருடம் ஆகஸ்டில் கலைத்துவிட்டார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்காமல் போனது இருக்கிறது. நோட்டு வைத்திருந்தவர்களுக்குக் கடைசியில் முழுப் பணமும் கிடைத்தது. முழுதும். அது சாசனம் இல்லாத கூட்டு, ஒவ்வொரு கூட்டாளியும் தன் சொத்து அத்தனைக்கும் பொறுப்பு, போட்ட பங்கோடு கைகழுவ முடியாது. அதனால் நிலம் விற்றார்கள், மாளிகை விற்றார்கள், ஏழரை லட்சம் பவுண்டு மதிப்புள்ள நிலம் கைமாறியதாகச் சொல்வதுண்டு. 226 கூட்டாளிகளில் சில வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் திவால். முறிந்தது வங்கி நடத்தியவர்கள், நோட்டு வாங்கியவர்கள் இல்லை. அவர்கள் நல்ல மனசுக்காரர்கள் என்பதால் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, சட்டம் அவர்களைக் கட்டிப் போட்டிருந்தது. ஆனால் கட்டிப் போட்டிருந்தது, பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு, நிறுவனம் வேறு நான் வேறு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

எங்கள் ஊரில் தொண்ணூறுகளில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி இருந்தது. பெயர் வேண்டாம். போர்டில் அந்த 'லிமிடெட்' பெரிய எழுத்தில் இருக்கும், அது ஏதோ அரசாங்கம் கொடுத்த பட்டம் என்றே அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கமிஷனுக்கு ஏஜென்ட் ஆனார். வட்டி இருபத்துநாலு சதவீதம். தெருவில் நாற்பத்தொரு பேர் பணம் போட்டார்கள். கம்பெனிக்காகப் போடவில்லை, வாத்தியார் சொன்னாரே என்று போட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் கதவில் பூட்டு. முதலாளிகளைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்றார்கள், கம்பெனி என்று அங்கே கேட்க யாருமில்லை.

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் பழைய பரீட்சைப் பேப்பர்களைக் கிழித்து, எழுதாத பின்பக்கத்தில் நாற்பத்தொரு சீட்டு எழுதினார். 'உங்களுக்கு நான் தரவேண்டியது' என்று தொடங்கி, தொகையை எழுத்திலும் எண்ணிலும் போட்டு, கீழே கையெழுத்து. வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை. அம்மா கத்தினாள், நானும் கத்தினேன், எனக்குக் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய வருடம் அது. கொல்லைப்புற மனை போயிற்று, அம்மாவின் இரண்டு வளையல் போயிற்று. அப்புறம் பென்ஷனில் மாதாமாதம், பதினோரு வருடம். பணம் முழுதும் கொடுத்து முடித்ததும் சீட்டைத் திரும்ப வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வார். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு ரொம்ப நாள் போகவில்லை, அவர் போன பிறகும் கொஞ்சம் இருந்தது. எஸ்., காகிதத்தை நம்பிய ஜனங்கள் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது இதனால்தான். உங்கள் மேல் கோபமில்லை. சின்ன வயது என்று கடிதத்திலேயே தெரிகிறது, தேடிப் படிக்கிறீர்கள், அது சந்தோஷம்தான். இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெட்டியில் சணல் கட்டிக் கிடந்தவை அந்தச் சீட்டுகள். இரண்டு தடவை எண்ணினேன், நாற்பதுதான் இருக்கின்றன. அப்பாவின் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பூக்கட்டும் அம்மா ஒருவர், 900 ரூபாய், பாதியிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். அவர் மகள் திருப்பூரில் இருப்பதாகத் தெருவில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

அன்புடன்.