தம்பியை ஏன் விரட்டினீர்கள்?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கில இலக்கண விதிகளையெல்லாம் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் தவறே வராது. ஆனால், சொந்தமாக நான்கு வரி எழுதினால் காலங்கள் குழம்பிவிடுகின்றன. இதற்கிடையில் பள்ளியில் படிக்கும் தம்பி வேறு, “‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்பது ஏன் தவறு?” என்று கேட்டுத் தொந்தரவு செய்கிறான். “விதி அப்படித்தான், போ” என்று அனுப்பிவிட்டேன். எப்படிப் படித்தால் இலக்கணம் வசப்படும்?

பதில்: படிக்கும் முறை இருக்கட்டும். தம்பியை ஏன் விரட்டினீர்கள்? நேரமில்லை என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு விடை தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் ஒரு சிறுவனின் வாயை அடைத்திருக்கிறீர்கள். படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. தான் படித்ததை இளையவருக்குச் சொல்லித்தருவது வீட்டில் மூத்தவரின் கடமை. அதை உதவி என்றுகூட நான் சொல்லமாட்டேன்.

அவன் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி! ‘ஹேவ் சீன்’ என்ற வடிவம் நடந்துபோனதை இந்தக் கணத்தோடு இணைத்துப் பேசுகிறது. ‘எஸ்டர்டே’ என்று சொன்ன மாத்திரத்தில் அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. ஆகவே ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’. இதை நீங்கள் சொல்லியிருந்தால், “அப்படியானால் ‘டுடே’ வந்தால்?” என்று அடுத்ததைக் கேட்டிருப்பான். நீங்கள் திணறியிருப்பீர்கள். இத்தனை நோட்டுகளும் தராத பாடம் அந்தத் திணறலில் இருக்கிறது.

கனடாவில் பிரெஞ்சு வழியாகவே பாடம் கேட்ட, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மொழியில் பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணப் பிழை செய்தார்கள். கேட்டுப் புரிந்துகொள்வது போதாது, தாமே வாக்கியம் அமைத்துப் பழக வேண்டும் என்று மொழி கற்றல் ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985இல் வாதிட்டார். கோடிட்ட இடம் உங்களிடம் ஒரு சொல்லைத்தான் கேட்கிறது; மீதி வாக்கியத்தை வேறு யாரோ அமைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

விதிகளை மறுபடி மறுபடி எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். தம்பியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். தினமும் அவன் ஒரு கேள்வி கேட்கட்டும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உங்கள் சொற்களில் விளக்குங்கள். வீட்டில் அன்று நடந்ததை வைத்து இருவரும் புதிதாகச் சில வாக்கியங்கள் எழுதுங்கள். திணறிய இடத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திறந்தால் போதும். ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை அவன் திரும்பக் கேட்க வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று அவனிடம் சொல்லுங்கள், சேர்ந்து தேடுங்கள்.

முதல் நாள் கேள்வி ‘டுடே’ பற்றியதாகவே இருக்கட்டும். அதன் விடையை வேண்டுமென்றேதான் இங்கே எழுதாமல் விடுகிறேன்.