பேச்சு வரட்டும் என்று எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

சிறப்புக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவதில் கருவிகள் எந்த அளவுக்கு உதவும் என்று இந்த முறை நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, மூளை முடக்குவாதம். சொல்வதெல்லாம் புரிகிறது, பேச்சு இல்லை, பென்சில் பிடிக்கவும் முடியாது. "பேச்சு வரட்டும், அப்புறம் அ, ஆ பார்க்கலாம்" என்கிறது பள்ளி. தெரபிஸ்ட் டேப்லெட்டில் ஆவாஸ் என்ற பேச உதவும் ஆப்பைப் போடச் சொல்கிறார். மெஷினே பேசிவிட்டால் பிள்ளை எப்படிப் பேசுவான் என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகி, திருநெல்வேலி

பதில்: தெரபிஸ்ட் சொல்வதைக் கேளுங்கள். மாமியார் மேல் கோபப்படாதீர்கள், அந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. 2006-ல் மில்லர், லைட், ஷ்லாசர் என்ற ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, நம்பத்தகுந்த தரவு இருந்த 27 பேரை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். படம், சைகை, கருவி என்று மாற்று வழியில் பேசப் பழகியதால் பேச்சு குறைந்துபோனவர் அதில் ஒருவர்கூட இல்லை. 89 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. 27 சின்ன எண்ணிக்கைதான், கூடியதும் பெரிய அளவில் இல்லை. ஆனாலும் பேச்சு கெட்டுவிடும் என்று பயப்பட அதில் எதுவும் இல்லை.

ஆவாஸ் சென்னையில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும். பல வீடுகளில் நடப்பது என்னவென்றால், டேப்லெட்டைப் பிள்ளை முன்னால் வைத்துவிட்டு "தண்ணி எங்கே? தொடு பார்ப்போம்" என்று நாள் முழுக்கப் பரீட்சை வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் எந்தப் பிள்ளைக்கும் வெறுத்துப்போகும். முதலில் நீங்கள் அதில் பேசுங்கள். சோறு ஊட்டும்போது "இன்னும்", "வேண்டாம்", "போதும்" என்று வாயால் சொல்லிக்கொண்டே அந்தப் படத்தையும் தொடுங்கள். தொடுவதற்குக் கை ஒத்துழைக்கவில்லை என்றால், தலையாலோ முழங்காலாலோ அழுத்துகிற பெரிய சுவிட்ச் ஒன்றை டேப்லெட்டோடு இணைக்கலாம். திரையில் கட்டம் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து நகரும், வேண்டிய இடம் வந்ததும் அவன் அழுத்துவான்.

இப்போது எழுத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பள்ளி சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. பேசும் பிள்ளைகளைப் பேச்சு முழுசாகத் தெளியும் வரை எழுத்தைப் பார்க்காதே என்று யாரும் நிறுத்தி வைப்பதில்லை. மூன்று வயதிலேயே சுவரெல்லாம் கிறுக்கி, "இது என் பேரு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உங்கள் மகனுக்கு அந்தக் கிறுக்கல் காலமே கிடைக்கவில்லை. பென்சில் பிடிக்க முடியாதவனுக்கு வேறொரு பென்சில் வேண்டும், அவ்வளவுதான்.

247 எழுத்தையும் பார்த்து மலைக்காதீர்கள். அந்தப் பென்சில் ஓர் எழுத்துப் பலகைதான், அதற்கு உயிர் 12, மெய் 18, ஃ ஒன்று, மொத்தம் 31 போதும். மெய்யெழுத்து வரிசைகளை நம் இலக்கணமே ஆறு ஆறாகப் பிரித்து வைத்திருக்கிறது: க ச ட த ப ற, ங ஞ ண ந ம ன, ய ர ல வ ழ ள. உயிரெழுத்தை இரண்டு வரிசையாக்கி, ஃ-ஐ ஓரத்தில் வைத்துவிடுங்கள். கெட்டி அட்டையில் பெரிதாக எழுதி அவன் எதிரே பிடித்து, "முதல் வரிசையா? இரண்டாவதா?" என்று விரல் வைத்துக் கேளுங்கள். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். வரிசை தெரிந்ததும் அதில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப்போக வேண்டும். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். அவன் உடம்பு பதில் சொல்ல நேரம் எடுக்கும், நமக்குத்தான் பொறுமை இருப்பதில்லை.

முதலில் "கமமடப" என்று ஏதோ வரும். திருத்தவே திருத்தாதீர்கள், அதுதான் அவனுடைய கிறுக்கல். அவன் தேர்ந்தெடுத்ததை அப்படியே எழுதிக் காட்டி, "அட, ம போட்டிருக்கே, அம்மாவில் வருகிற ம!" என்று பேச்சை வளருங்கள். தினமும் ஒரு படக்கதையும் வாசித்துக் காட்டுங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. இரண்டாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் எழுத்துக் கூட்டவே திணறுகிறார்கள். போனில் வாசித்துக் காட்டும் ஆப் போட்டுக் கொடுத்தேன். ஆசையாகக் கேட்கிறார்கள், ஆனால் வாசிப்பு வரவில்லை. – வாசகி, தர்மபுரி

பதில்: கேட்டால் கதை புரியும், சொல்வளம் கூடும். அதற்காக அந்த ஆப்பை நிறுத்த வேண்டாம். எழுத்துக் கூட்டுவது வேறு வேலை, அதற்குக் கண் எழுத்தின் மேல் இருக்க வேண்டும். ஒலிக்கும் சொல் திரையில் நிறம் மாறுகிற ஆப்பாகப் பாருங்கள், விரலையும் கூடவே நகர்த்தச் சொல்லுங்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. "கெ", "கே", "கை" மூன்றிலும் காதில் க் முதலில் விழுகிறது, கண்ணில் கொம்பு முதலில் படுகிறது. "கொ" என்றால் இரண்டு பக்கமும் குறி. திணறுகிற பிள்ளை பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். போன் கீபோர்டை இதற்குப் பயன்படுத்திப் பாருங்கள்: க-வைத் தட்டிவிட்டு ஒற்றைக்கொம்பைத் தட்டினால், கொம்பு தானாகவே க-வுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒலிக்கும் வரிசையில் தட்டுகிறார்கள், எழுதும் வரிசையில் பார்க்கிறார்கள். நான் பார்த்த பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை, திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

பிள்ளை வாசிப்பதைக் கேட்டுச் சரி, தப்பு சொல்கிற ஆப்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். உச்சரிப்புத் தெளிவில்லாத பிள்ளை சரியாகவே வாசித்தாலும் அது தப்பு என்றுவிடலாம். அந்தப் பிள்ளைக்கு ஆப்பை விட உங்கள் காது மேல். வண்ணக் கண்ணாடித்தாள், டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமத்துக்கென்றே விற்கிற எழுத்துரு இதற்கெல்லாம் காசு செலவழிக்காதீர்கள், உருப்படியான ஆதாரம் இல்லை. இடைவெளி விட்டு, பெரிதாக அச்சடித்துக் கொடுங்கள், போதும்.

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, ஐந்து வயது. போன்தான் எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறதே, பிரெய்ல் எதற்கு? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: "பழம்" என்று போன் சொல்லும். அது ழ-வா, ள-வா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ந, ன வித்தியாசம் காதில் விழவே விழாது. போனை மட்டும் நம்பினால் அவள் நன்றாகக் கேட்பாள், எழுத்துக்கூட்டி எழுதத்தான் தெரியாமல் போகும். பிரெய்ல் கண்டிப்பாக வேண்டும், போனும் இருக்கட்டும்.

மேலே தர்மபுரி ஆசிரியைக்கு நான் சொன்ன கொம்புத் தொல்லை இவளுக்குக் கிடையாது என்பது இன்னொரு சந்தோஷம். தமிழ் பிரெய்லில் மெய் முதலில், உயிர் பிறகு, ஒலிக்கிற வரிசையிலேயே வரும். பிரெய்லில் ஓர் எழுத்துக் கட்டத்துக்கு ஆறு புள்ளி இடம், அதனால் முட்டை அட்டையில் ஆறு குழியை வெட்டி, நீளவாக்கில் மூன்று, அகலத்தில் இரண்டு என்று வைத்து, கோலிக்குண்டு போட்டு எழுத்துப் பழக்குங்கள். விரல் பழகியதும் சின்னப் புள்ளிக்குப் போகலாம். பெங்களூரில் உருவான ஆனி என்ற பேசும் பிரெய்ல் கருவி சில பள்ளிகளில் இருக்கிறது. வீட்டுக்கு வாங்குவதற்கு முன், அது இருக்கிற பள்ளியாகக் கிடைக்குமா என்று பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆட்டிசம், டேப்லெட்டில்தான் பேசுகிறாள். வகுப்பில் அதற்கு அனுமதி இல்லை என்கிறார்கள். யாரிடம் போவது? – வாசகி, ஈரோடு

பதில்: அது அவளுடைய வாய், விளையாட்டுச் சாமான் அல்ல. தலைமை ஆசிரியரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் உங்கள் வட்டார வள மையத்துக்குப் போங்கள், அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். முறையான மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, ஈரோட்டிலிருந்து தூரம்தான், ஆனாலும் ஒரு தடவை போய்விட்டு வரலாம்.

மனு எழுதினால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 17-வது பிரிவைக் குறிப்பிடுங்கள். மாற்று வழித் தகவல் தொடர்பை ஊக்குவிப்பதும், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தருவதும் அரசின் கடமை என்று அதில் இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.